கோடைக்கானல் சூரியத் தகடுகளும் சமஒளித் திருத்தத்தின் எல்லையும்

கோடைக்கானல் வானாய்வகத்தில் 1907 முதல் 2007 வரை, வானம் தெளிந்திருந்த நாள்களிலெல்லாம், கால்சியம் கே நிறக்கோட்டின் ஒளியில் சூரியனின் முழுவட்டம் படமாக்கப்பட்டது. இப்பதிவுகள் பின்னர் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட சிசிடி படக்கருவியால் எண்மமாக்கப்பட்டன. சூரிய ஒளியின் நூற்றாண்டு மாற்றத்தை இவற்றிலிருந்து நேரடியாக அளந்துவிடலாம் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானதே. ஆயினும் அது முழுமையாக நிறைவேறக்கூடியதன்று.

சிசிடியின் படப்புள்ளிகள் யாவும் ஒளியை ஒரே அளவில் உணர்வதில்லை. வில்லைகளும் அவற்றின்மேல் படிந்த தூசும் தம் நிழலைச் சேர்க்கின்றன. ஆகவே சீரான ஒளிப்பரப்பு ஒன்றைத் தனியே படமெடுத்து, ஆய்வுப்படத்தை அதனால் வகுப்பர். இரண்டிலிருந்தும் இருட்படம் முன்னதாகக் கழிக்கப்படும். இதுவே சமஒளித் திருத்தம். கோடைக்கானலில் உட்புறம் வெண்பூச்சுடைய கோளம் ஒன்று சீரொளி தந்தது. இத்திருத்தம் எண்மமாக்கிய கருவியின் குறையையே நீக்கும். தகட்டின் குறை அப்படியே எஞ்சும்.

தகட்டின் குறைகள் வேறு வகையின. ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் சூரியனை ஒரே கணத்தில் பதிவதில்லை. குறுகிய பிளவொன்று சூரிய உருவின்மீது நகர, படம் கீற்றுக் கீற்றாக உருவாகிறது. இடையில் மெல்லிய மேகம் கடந்தால் ஒரு பட்டை மங்கும். பிளவில் தூசு இருந்தால் நகர்வின் திசையில் நெடுங்கோடு விழும். பூச்சின் தடிப்பும் உருத்துலக்கிய முறையும் தகட்டுக்குத் தகடு மாறின. சமஒளித் திருத்தத்திற்கு அதே உணர்பரப்பு மீண்டும் ஒளியேற்க வேண்டும். ஒருமுறை ஒளியேற்ற தகட்டில் அதற்கு வழியில்லை.

கூன், லின், லோரன்ஸ் ஆகியோர் 1991இல் வெளியிட்ட முறை சீரொளி விளக்கையே தேவையற்றதாக்கியது: சூரிய உருவைச் சிறிது சிறிதாக இடம்பெயர்த்து எடுத்த படங்களிலிருந்தே படப்புள்ளிகளின் உணர்திறன் கணிக்கப்பட்டது. அதற்கும் உணர்பரப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். எனவே தகடுகளுக்கு அது உதவாது.

எஞ்சிய வழி, அமைதியான சூரியப் பரப்பையே அளவுகோலாக்குவது. வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை ஒளி படிப்படியாகக் குறைவதைக் கணித்து, படத்தை அதனால் வகுக்கின்றனர். ஒளிர்திட்டுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. அவற்றின் பரப்பும் இடமும் நம்பத்தக்கவை. ஆனால் அமைதிப் பரப்பு மாறாதது என்பது இங்கு முடிவன்று, முற்கோள். நூறாண்டில் அது மெல்ல மாறியிருப்பின், அம்மாற்றத்தையும் இவ்வகுத்தல் அழித்துவிடும். இத்தகைய படங்களிலிருந்து சூரியனின் அடிப்படை ஒளி மாறவில்லை என்று வாதிடுவது, முற்கோளையே சான்றாகக் காட்டுவதாகும்.