தும்பைத் துறைகளுள் தனிப்போர்: ஒரு விளக்கவுரை

இருவர் எதிர்நின்று பொருதற்கு உரிய முறையைத் துறைப்பெயர் வாயிலாகவே உணர்த்துவது நம் புறத்திணை மரபு. தொல்காப்பியப் புறத்திணையியலும் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் கூறும் பெயர்களுள் தனிப்போர்க்கு இயைந்தன சில ஈண்டு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படும். வெறும் பெயரில் உரைப்பதற்கு என்ன உளது என்னும் ஐயம் கற்பான் உள்ளத்தில் எழுமாயின், முதற்பெயரிலேயே அது நீங்கும்.

தும்பை

பூவின் பெயர்; திணைக்கு ஆகி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டாங்காடுகளில் மழைக்குப் பின் வரப்போரம் தானே முளைக்கும் சிறு செடி. கணுதோறும் உருண்டையாகப் பசிய கொத்து. அதன் விளிம்பில் நகக்கண்ணளவு வெள்ளிதழ். உழவர் களையென்று பறித்தெறிவர். பொன்னும் மணியும் உடைய வேந்தர் இதனைச் சூடியது அணிக்கன்று, அடையாளத்துக்கு என்க.

அவ்வடையாளத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெண்பாமாலையுள் ஆநிரை கவர்வோன் வெட்சி சூட, மீட்போன் கரந்தை சூடுவான். மண் கவரச் செல்வோனுக்கு வஞ்சி, தடுப்போனுக்குக் காஞ்சி. மதில் வளைப்போனுக்கு உழிஞை, காப்போனுக்கு நொச்சி. தும்பைக்கோ எதிர்ப்பூ இல்லை. இரு திறத்தாரும் இதனையே சூடுவர். மற்றைப் போர்களில் ஒருவன் கொள்ள வந்தவன், ஒருவன் காக்க நின்றவன்; கருத்து வேறாகலின் பூவும் வேறாயிற்று. தும்பையில் இருவரும் வேண்டுவது ஒன்றே. அஃது யாதெனின், தொல்காப்பியர் ‘மைந்து’ என்பார். மைந்து, வலிமை. ஆவும் மண்ணும் மதிலும் அன்றி வலிமையே பொருளாகலின், எதிர்நிற்போன் விலக்கத்தக்க இடையூறு அல்லன். தன் வலிமையை அளந்தறிதற்கு வேண்டப்படுவான். அவன் எளியனாயின் வென்றும் பயனில்லை. கீழ்வரும் பெயர்கள் யாவும் இக்கருத்தின்மேல் நிற்பன.

இத்திணைக்கே உரிய சிறப்பியல்பு ஒன்றும் ஆசிரியர் கூறுவர். அம்பும் வேலும் இடைவெளியின்றித் தைத்தலின், உயிர் நீங்கிய பின்னும் உடல் மண்ணைத் தொடாது நிற்றல் அது. பட்டானை ‘வீழ்ந்தான்’ என்று சொல்லவும் இடங்கொடாமை இதன் குறிப்பு.

அற்றேல், கொல்லிமலைத் தலைவன் ஓரியொடு முள்ளூர்க் காரி பொருதது தும்பையாமோ எனின், வினவுதற்கு உரியதே. காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறியப்படும். ஊர்ந்தவனும் ஊர்தியும் ஒரு பெயர் பூண்டு எதிர்ந்த போர் அது. ஓரி பட்டான். காரி கொல்லியைத் தான் கொள்ளாது சேரர்க்குக் கொடுத்தான் என்பது அகநானூறு 209ஆம் பாட்டு. பயன் மண்ணாய் முடிந்தமையின் சேரன் நோக்கில் இது வஞ்சி. மலையைக் கைக்கொள்ளாத காரியின் நோக்கில் தும்பை. ஒரு போரே இருவர்க்கு இரு திணையாதல் கூடும் என்று கொள்க. ஓரி பட்ட பின் அவன் தெருவிற் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320இல் உவமையாக ஆண்டார். அதுவோ பரத்தை ஒருத்தி தெருவழி நடந்ததைப் பற்றிய அகப்பாட்டு. அகப்பாட்டிற்கும் உவமையாகும் அளவு அச்செய்தி பரவியிருந்தது என உய்த்துணர்க. இன்றும் கொல்லிமலைச் செம்மேட்டில் சிலை நிற்பது ஓரிக்கு. ஆடி 17, 18ஆம் நாள்களில் அரசு விழா எடுப்பதும் ஓரிக்கே. வென்றவனை மலை கொண்டாடிற்றிலது.

தார்நிலை

தார், முற்படும் படை; நிலை, நிற்றல். தன் வேந்தனைப் பகைவர் சூழ்ந்துழி, வேறிடத்தே பொருதுகொண்டிருந்த ஒருவன் மீண்டு வந்து அவரை எறிதல். பலர் ஒருவனை மொய்த்தவழி மூன்றாமவன் புகுதலும் முறையே என்றவாறு. இதனை விரிக்க வேண்டா.

எருமை மறம்

மறம், வீரம். எருமை, அதுபோல் நிற்பானுக்கு ஆயிற்று. தன் படை உடைந்து ஓடுழி, கூழையாகிய பின்னணியை ஒருவன் தனியே தாங்கி நிற்றல் இத்துறை. யானை என்றும் புலி என்றும் கூறாது எருமை என்றது என்னை எனின், அவை பாய்வன. எருமை தலை தாழ்த்தி ஊன்றி நிற்கும், பெயராது. பாய்தலினும் பெயராமையே ஈண்டு மறம் எனப்பட்டது.

உறையூர்த் தித்தன் மகன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது கொன்றதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்று 80ஆம் பாட்டு இத்துறைக்கண் வைக்கப்பட்டது. அங்கே உடைந்த படையும் இல்லை, தாங்குதற்குக் கூழையும் இல்லை. கருவியின்றி இருவர் தழுவிப் பொரும் மற்போர் அது. கிள்ளியின் ஒரு கால் மல்லன் மார்பை அழுத்த, மற்றொரு கால் பின்புறம் சென்று அவன் தப்பும் வழியை அடைத்தது எனப் பிடியைப் புலவர் கண்முன் நிறுத்துவர். நின்ற இடத்தினின்றும் பெயராமை இரண்டற்கும் பொதுவாகலின் இங்கு அடக்கினர் போலும். தந்தையொடு பகைத்துப் பிரிந்திருந்தவன் கிள்ளி. அத்தந்தை மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இம்மற்போரைக் காணல் வேண்டும் என்பது புலவர் விருப்பம்.

தழிஞ்சி

தழுவுதல் பற்றி வந்த பெயர். வஞ்சிக்கண் ஓதப்பட்டதாயினும் தனிப்போர்க்கும் இன்றியமையாதது. புண்பட்ட தன் வீரரை வேந்தன் தழுவிக்கொள்ளல் என்பது தொல்காப்பியத்துக்கு உரைகாரர் காட்டும் பொருள். வெண்பாமாலையோ, புறங்கொடுத்து ஓடுவார்மேல் வாளோச்சாமை என்னும். ஈண்டைக்குப் பின்னதே பொருந்தும். முதுகு காட்டியவன் தும்பைக்கு உரிய எதிரி அல்லன். அவனை எறிதலால் எறிந்தானுக்கும் மைந்து இல்லையாகும்.

எறிபவனைக் கட்டியது இம்முறை. ஏற்பவனைக் கட்டியது புறப்புண்ணுக்கு நாணுதல். வெண்ணிக் களத்தில் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் புறநானூறு 66இல் வென்ற கரிகாலனையே விளித்து, தோற்றவனை அவனினும் உயர வைத்துப் பாடினார். பரிசில் தரும் வேந்தன் முன் இவ்வாறு கூறுதற்குப் புலமை மட்டும் போதாது.

போரிற் படாது இறந்த அரசரைப் புல்மேற் கிடத்தி வாளாற் பிளந்து அடக்கும் வழக்கும் இருந்தது. தகடூர் அதியமான் அஞ்சி பொருது புண்ணொடு நின்றபோது ஔவையார் பாடிய புறநானூற்று 93ஆம் பாட்டு இதனைக் கூறும். அவன் கையாற் பட்ட பகைவர் அவ்விழிவுக்குத் தப்பினர் என்பது அப்பாட்டின் உட்கோள். கொன்றமையே பகைவர்க்குச் செய்த நன்றியாய் முடிந்தது. தகடூர் இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தினுள் அடங்கியது. அதியர் குடிப்பெயரோ நாமக்கல் மலைக் குடைவரையின் ‘அதியேந்திர விஷ்ணுகிருஹம்’ என்னும் பெயரில் இன்றும் உளது.

இருவர் தபுதி

தபுதல், கெடுதல், ஈண்டு இறத்தல். இருவர் என்றது எதிர்நின்ற தலைவர் இருவரை. வெண்பாமாலை ‘இருவரும் தபு நிலை’ என உம்மை கொடுத்து ஓதும். அவ்வும்மை முற்றும்மை, ஒருவன் எஞ்சினும் துறையாகாது என்பதை அது காட்டும்.

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் போர்ப்புறத்தே பொருது இருவரும் பட்டனர். புறநானூற்று 62ஆம் பாட்டைக் கழாத்தலையாரும் 63ஆம் பாட்டைப் பரணரும் இதன்மேற் பாடினர். தலைவரொடு படையும் மாய்ந்தமையின் அப்பாட்டுகளைத் தொகைநிலை என்னும் துறையுள் வைத்தனர். ஆயினும் தலைவர் முடிவை மட்டும் நோக்குவார்க்கு இத்துறையின் உண்மை அங்கே விளங்கும். போர் முடிந்த களத்தைத் தனதென்று கூற ஒருவனும் இல்லை. வென்றவன் இல்லாத போருக்கும் நூலோர் துறை வகுத்தது நோக்கத்தக்கது. வெற்றியே பயனாயின் இத்துறை தும்பைக்கண் இடம் பெறாது.

சேரலாதன் உடனே இறந்திலன். கழுத்தில் ஆரம் கிடப்ப, உயிர் ஊசலாடக் களத்தே கிடந்தான். கழாத்தலையார் அந்நிலையிலும் அவனை அணுகிப் பாடியதே 368ஆம் பாட்டு. களிறும் தேரும் குதிரையும் பட்டொழிந்தமையின், கொடுத்தற்கு அவன்பால் எஞ்சியது அவ்வாரம் ஒன்றே.

அமலை

நெருங்கி ஆர்த்தல். வெண்பாமாலை ‘ஒள்வாள்’ என்னும் அடை கொடுக்கும். பட்ட வேந்தனைச் சூழ்ந்து, அட்ட வேந்தனின் வாள்வீரர் திரண்டு ஆடுதல். ஆடுவோர் வென்றவர் ஆகலின் இதனை வெற்றித் திணையாகிய வாகைக்கண் வைத்தல் தகாதோ எனின், தகாது. ஆட்டத்தின் நடுவண் கிடப்பவன் பட்டவன். அவனைச் சூழ்ந்தே கூத்து நிகழ்கின்றது. இரு நூலாரும் இதனைத் தும்பையினுள்ளே நிறுத்தினர். வாகை சூடுதல் இவ்வாட்டம் முடிந்த பின்னரே.