டாட்ஜர் ஸ்டேடியம்: பார்க்கிங் லாட்டுக்குக் கீழே ஒரு ஊர்

பேஸ்பால் பார்க்கிறவங்க லாஸ் ஏஞ்சலஸ் போனா கண்டிப்பா எட்டிப் பார்க்கிற இடம் டாட்ஜர் ஸ்டேடியம். மேஜர் லீக் ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912-ல் வந்தது, சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் 1914-ல் வந்தது. அதற்கடுத்த பழைய மைதானம் இதுதான், 1962. உட்கார 56,000 இடம். கையில் டிக்கெட் இருந்தால் யூனியன் ஸ்டேஷனிலிருந்து இலவச பஸ்ஸிலேயே போய்விடலாம்.

நான் போனப்ப முதலில் கவனிச்சது இதன் எஞ்சினியரிங். மைதானம் ஒரு மலைச்சரிவைக் குடைந்து கட்டப்பட்டது. சுற்றியிருக்கும் பார்க்கிங் லாட்டும் படிப்படியா ஏறிப் போகும். அதனால உங்க சீட் எந்த அடுக்கில் இருக்கோ, அந்த உயரத்திலேயே காரை நிறுத்திட்டு நேரா உள்ளே நடந்துடலாம். இதுக்காக நகர்த்தின மண் சுமார் 80 லட்சம் கன கெஜம்னு சொல்றாங்க.

அந்த மலையில் முன்னாடி என்ன இருந்தது? அதுதான் இன்றைய எபிசோட்.

அந்தப் பகுதிக்குப் பேர் சாவேஸ் ரவீன். பாலோ வெர்டே, லா லோமா, பிஷப்னு மூணு குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். நகரத்தின் பல பகுதிகளில் அவங்களுக்கு வீடு விற்கவே மாட்டாங்க என்பதால், இங்கே நிலம் வாங்கி வீடு கட்டி, காய்கறி போட்டு, ஆடு கோழி வளர்த்து வாழ்ந்தாங்க. பள்ளிக்கூடம் இருந்தது, தேவாலயம் இருந்தது.

இதைப் பத்திப் பேசும்போது ரெண்டு கட்சி உண்டு. "டாட்ஜர்ஸ் டீம் வந்து ஏழைகளைத் துரத்தியது" என்பது ஒண்ணு. "டீம் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் போயாச்சு, டீமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்பது இன்னொண்ணு. தேதி வாரியா அடுக்கிப் பார்த்தா ரெண்டுமே சரியா வராது.

1949-ல் அமெரிக்க அரசு ஒரு வீட்டுவசதிச் சட்டம் கொண்டு வந்தது. அந்தப் பணத்தில் சாவேஸ் ரவீனில் அரசுக் குடியிருப்பு கட்ட நகரம் முடிவு செய்தது. பேர் எலிசியன் பார்க் ஹைட்ஸ். ரிச்சர்ட் நியூட்ரா, ராபர்ட் அலெக்சாண்டர் என்ற ரெண்டு ஆர்க்கிடெக்ட்கள் வரைந்த திட்டத்தில் 13 மாடிக் கோபுரங்கள் மட்டும் 24. 1950 ஜூலையில் வீடு வீடா கடிதம் வந்தது: நிலத்தை எடுத்துக்கொள்கிறோம், புது வீடுகள் கட்டி முடித்ததும் முதல் உரிமை உங்களுக்குத்தான். இந்த வாக்குறுதியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொடுத்ததை வாங்கிக்கிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கிளம்பின. அதாவது பெரும்பாலானவங்க வெளியேறினது பேஸ்பாலுக்காக இல்லை, அரசு வீட்டுக்காக.

அடுத்து அரசியல் உள்ளே வந்தது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. அரசு வீடு கட்டிக் கொடுப்பதே சோஷலிசம்னு ரியல் எஸ்டேட் தரப்பு பிரச்சாரம் செய்தது. திட்டத்துக்காக ஓடியாடி வேலை பார்த்த வீட்டுவசதி அதிகாரி ஃபிராங்க் வில்கின்சனிடம் 1952-ல் நீதிமன்றத்தில் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினர் என்று கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்தார், வேலை போனது. பின்னாளில் நாடாளுமன்றக் குழுவிடமும் இதேபோல மறுத்து 1961-ல் சிறைக்கே போனார். 1953-ல் மேயரான நாரிஸ் பௌல்சன் திட்டத்தைக் கைவிட்டார். பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு நிலம் நகரத்தின் கைக்குத் திரும்பியது. பாதி காலியான மலை அப்படியே கிடந்தது.

இப்ப நாட்டின் மறுகோடிக்குப் போகலாம். நியூயார்க்கின் புரூக்ளின். டாட்ஜர்ஸின் சொந்த ஊர் அதுதான். டிராம் வண்டிக்கு விலகி ஓடுகிறவர்கள்னு புரூக்ளின்காரர்களுக்கு இருந்த பட்டப்பேரில் இருந்துதான் டீம் பேரே வந்தது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் நவீன மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்ததும் அங்கே இருந்த எபெட்ஸ் ஃபீல்டில்தான். உரிமையாளர் வால்டர் ஓ'மாலி புது மைதானத்துக்கு புரூக்ளினிலேயே ஒரு இடம் கேட்டார். நகரத் திட்டமிடலில் பெரிய கையாக இருந்த ராபர்ட் மோசஸ் மறுத்தார். 1957-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்த ஓ'மாலி ஹெலிகாப்டரில் இருந்து சாவேஸ் ரவீனைப் பார்த்தார். அந்த சீசனோடு டீம் புரூக்ளினைக் காலி செய்தது.

தனியார் டீமின் மைதானம் பொதுப் பயன்பாடா? இந்தக் கேள்வி 1958 ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 25,000 ஓட்டு வித்தியாசத்தில் டாட்ஜர்ஸ் ஒப்பந்தம் தப்பியது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் ஒப்பந்தம் செல்லும் என்றது.

மலையில் இன்னும் சில குடும்பங்கள் மிச்சம் இருந்தன. 1959 மே 8 அன்று ஷெரிஃப் ஆட்கள் அரெச்சிகா குடும்பத்தின் வீட்டுக்கு வந்தார்கள். 10,050 டாலர் போதாது என்று வருஷக்கணக்கில் வழக்காடியவர்கள். அந்த வீட்டு மகள் அரோரா வர்காஸ், போரில் கணவரை இழந்தவர். அவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள். டிவி கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. புல்டோசர் வீட்டை இடித்தது. குடும்பம் அங்கேயே டென்ட் போட்டுத் தங்கியது. அவர்களுக்கு வேறு வீடுகளும் இருக்கின்றன என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் ஊரின் அனுதாபம் குறைந்தது. ஆனால் வேறு வீடு இருக்கா இல்லையா என்பதும், கொடுத்த வாக்கைக் காப்பாத்தினாங்களா என்பதும் வேற வேற கேள்வி இல்லையா?

1962 ஏப்ரல் 10-ல் மைதானம் திறந்தது. முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் சின்சினாட்டியிடம் 6-3 என்று தோற்றது. அதே 1962-ல் புரூக்ளினில், இடிக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்ட் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு திறந்தது. வீடு வரும்னு சொன்ன இடத்தில் மைதானம், மைதானம் இருந்த இடத்தில் வீடு. ரெண்டு ஊர்லயும் அங்கே ஏற்கனவே இருந்தவங்க சொல்லுக்கு மதிப்பு இல்லை.

சரி, மெக்சிகோ வம்சாவளி மக்கள் இந்த மைதானத்தை எப்படி மன்னிச்சாங்க? பலர் மன்னிக்கவே இல்லை. ஆனா 1981-ல் சொனோரா மாநிலத்துக் கிராமத்தில் இருந்து வந்த 20 வயசு ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா, ஆரம்பித்த முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். ஒரே சீசனில் சிறந்த புதுமுகம் விருதும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கின முதல் ஆள் அவர்தான். 1959-லிருந்து டாட்ஜர்ஸ் ஆட்டங்களை ஸ்பானிஷ் ரேடியோவில் சொல்லி வந்த ஹைமே ஹரீனின் குரல் அப்போ வீட்டுக்கு வீடு கேட்டது. இன்னிக்கு நீங்க போனா சுத்தி எங்கே பார்த்தாலும் 34-ம் நம்பர் ஜெர்சி, காதில் பாதி ஸ்பானிஷ். மலையை விட்டு அனுப்பப்பட்டவர்களோ தங்களை 'லாஸ் டெஸ்டெராடோஸ்', அதாவது மண்ணைவிட்டு விரட்டப்பட்டவர்கள், என்று அழைத்துக்கொண்டு பக்கத்து எலிசியன் பார்க்கில் வருஷா வருஷம் கூடி, பிள்ளைகளுக்குப் பழைய தெருக்களைப் பத்திச் சொல்லிக்கொடுத்தாங்க.

ஆகவே இந்த மைதானத்துக்குப் போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நானே மறுபடி போவேன். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க. மூணாவது பேஸ் பக்கம் இருக்கும் பார்க்கிங் லாட்டில் கொஞ்சம் நில்லுங்க. பாலோ வெர்டே ஆரம்பப் பள்ளியை முழுசா இடிக்கல. கூரையை எடுத்துட்டு, உள்ளே மண்ணைக் கொட்டி மூடினாங்க. அது இன்னும் அந்தப் பக்கம் கார்களுக்கு அடியில்தான் இருக்கு. அதைச் சொல்லும் ஒரு பலகையையும் நான் அங்கே பார்க்கல. கூட வர்றவங்களுக்கு நீங்களாவது சொல்லுங்க, அப்புறம் உள்ளே போய் ஆட்டத்தைப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.