பிரசங்க பீடமும் அந்நியரும்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சில காட்சிகள்

அமெரிக்க நாட்டின் வாயில் எல்லா இனத்தார்க்கும் திறந்திருந்த காலம் ஒன்று உண்டு என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் செய்தி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1880களில் மட்டும் ஏறத்தாழ 52 இலட்சம் மக்கள் அங்குக் குடியேறினர். அவர்களை வரவேற்று விசாரிக்க நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் 1892 சனவரி முதல் நாளில் திறக்கப்பட்டது. ஆயினும், அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே மேற்குக் கரையில் ஓர் இனத்தாருக்கு வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. அடைத்தவர் பக்கத்திலும், அடைக்காதபடி வாதாடியவர் பக்கத்திலும் திருச்சபை ஊழியர் நின்றனர். இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

சீனத் தொழிலாளர் முதலில் பொன் தேடிக் கலிபோர்னியா வந்தனர். பின்னர் மலைகளைக் குடைந்து இருப்புப் பாதை அமைத்தோருள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அவர்களே. 1869இல் பாதை முடிந்தது. 1873இல் நாடெங்கும் வணிகம் சரிந்தது. வேலையிழந்தோரின் சினம் முதலாளிகளை விட்டு, குறைந்த கூலிக்கு உழைத்த சீனர் மேல் பாய்ந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 1877இல் தொழிலாளர் கட்சியை நடத்திச் சீனர் வெளியேறியே தீர வேண்டும் என்று முழங்கியவர் டெனிஸ் கியர்னி என்பவர். இவரோ அயர்லாந்திலிருந்து குடியேறியவர்! ஐரிஷ்காரரைக் கத்தோலிக்கர் என்று அமெரிக்கப் பிராட்டஸ்டண்டார் இழித்துரைத்து ஒரு தலைமுறைகூடக் கழியவில்லை.

இக்கட்சியின் சார்பில் 1879இல் அந்நகரின் மேயராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஐசக் கல்லோக் என்னும் பாப்திஸ்து போதகர். அவருடைய சொல்வன்மை கூட்டத்தை எழுப்பியது. கூட்டமோ அவரை எங்குக் கொண்டு செல்ல விரும்பியதோ அங்குச் சென்றார் எனலாம். அதே நகரில் ஓட்டிஸ் கிப்சன் என்ற மெதடிஸ்து மிஷனெரியும் இருந்தார். சீன நாட்டில் பத்தாண்டளவு ஊழியஞ் செய்து அம்மக்களின் மொழியை அறிந்தவர். அமெரிக்கப் பேராயத்தின் விசாரணைக் குழுவின் முன் 1876இல் சாட்சி கூறிய அவர், சீனர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களை மறுத்தார். மறு ஆண்டே தம் வாதங்களை நூலாக்கி வெளியிட்டார். அவருக்கு முன்பே, பிரெஸ்பிட்டேரியன் மிஷனெரியாகிய வில்லியம் ஸ்பீர் 1853இல் அங்கே சீனருக்கெனச் சபை ஒன்றை நிறுவியிருந்தார். அயல்நாட்டில் ஊழியஞ் செய்து திரும்பியோரே தங்கள் நாட்டில் அயலாருக்காக வாய் திறந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. மொழியறிவு இங்கே அன்பின் கருவியாயிற்று.

அவர்கள் குரல் எடுபடவில்லை. 1880ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாட்டிலிருந்த சீனர் 1,05,465 பேர். ஆயிரம் பேருக்கு இருவர் என்னும் அளவே. அவ்விருவருக்கு அஞ்சியே 1882 மே 6இல் சீனர் விலக்குச் சட்டம் கையொப்பமாயிற்று. சீனத் தொழிலாளர் பத்தாண்டுகள் நுழையலாகாது. சீனர் குடியுரிமை பெறலாகாது. 1892இல் நீட்டிக்கப்பட்டு, 1902இல் காலவரையற்றதாக்கப்பட்ட இத்தடை 1943 வரை நின்றது. இடையில், 1885 செப்டம்பரில், வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனர் கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

கீழ்க் கரையில் அச்சம் வேறு உருக்கொண்டது. 1885இல் காங்கிரிகேஷனல் போதகர் யோசியா ஸ்ட்ராங் உள்நாட்டு மிஷன் சங்கத்திற்காக எழுதிய நூல், நாட்டை எதிர்நோக்கிய ஆபத்துகளில் குடியேற்றத்தையும் ரோமச் சபையையும் சேர்த்தது. ஸ்ட்ராங்கைக் கொடியவர் என்று நாம் கருதவில்லை. ஏழைகள்பால் மெய்யான கவலையுடையவர் அவர்; ஆயினும், ஆங்கிலோ-சாக்சன் இனத்தின் மேன்மையையும் சுவிசேஷத்தின் மேன்மையையும் பிரித்தறிய அவரால் இயலவில்லை.

பிரித்தறியாமையின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1887இல் அயோவா மாநிலத்தின் கிளின்டன் நகரில் தோன்றிய அமெரிக்கப் பாதுகாப்புச் சங்கத்தார், கத்தோலிக்கருக்கு வாக்களிப்பதில்லை என்றும், பிராட்டஸ்டண்டார் கிடைக்குமளவும் கத்தோலிக்கரை வேலைக்கு அமர்த்துவதில்லை என்றும் ஆணையிட்டுக் கொண்டனர். 1893இல், பாப்பரசர் 13ஆம் லியோ எழுதியதாக ஒரு பொய்ச் சுற்றுமடல் பரவிற்று. குறித்த நாளில் மாற்றுச் சமயத்தாரையெல்லாம் கொன்றொழிக்கும்படி அது கட்டளையிட்டதாம்! நாளும் வந்தது, கடந்தது, ஒருவரும் கொல்லப்படவில்லை. ஆனாலும் நம்பினவர் பலர்.

ஒஹாயோவின் கொலம்பஸ் நகரப் போதகர் வாஷிங்டன் கிளாடன், ஸ்ட்ராங்கின் சபைப் பிரிவையே சேர்ந்தவர். அவர் 1894இல் செஞ்சுரி இதழில் கட்டுரை எழுதி இவ்வியக்கத்தைக் கடிந்துகொண்டார். ரோமச் சபையின் போதனையில் அவருக்கு உடன்பாடில்லை. பொய்ச்சாட்சியில் அதனினும் இல்லை. தம் சொந்தச் சபையாரிடையே அச்சங்கம் செல்வாக்குற்றிருந்த நாளில் இதனை எழுதினார் என்பதை, ஞாயிறுதோறும் அறிந்த முகங்களை நோக்கிப் பேசும் நாம் எளிதில் உணரலாம்.

குடியேறுவோர்க்கு எழுத்தறிவுத் தேர்வு வைக்கும் மசோதாவை 1897இல் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து தடுத்தார். 1917இல், தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி, அது சட்டமாயிற்று. அதே சட்டம் இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசிய நிலப்பரப்பு ஒன்றை வரைந்து, அங்குள்ளோர் குடியேறுவதைத் தடுத்தது. அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்து 83 ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சட்டத்தில் போதகருக்கும் மாணவருக்கும் விலக்கு உண்டு. மதுரைச் சபையின் கூலியாளுக்கு இல்லை.