யானைத் துப்பாக்கிகளும் வேட்டைக்காரர்களின் தோளும்

யானைத் துப்பாக்கி என்பது யானை, காண்டாமிருகம், காட்டெருமை போன்ற பெருவிலங்குகளைச் சுடுவதற்கென 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, அகன்ற குழல் கொண்ட துப்பாக்கி. சுடப்பட்ட விலங்கை மட்டுமல்லாமல் சுட்டவரையும் அது தாக்கியது. தோள் கன்றிப்போவதும், கன்னம் கிழிவதும், மறுநாள் கையைத் தூக்க முடியாமல் கிடப்பதும் அக்கால வேட்டைக்காரர்களுக்குப் பழகிப்போனவை. வேட்டை நூல்களில் இவை பெரும்பாலும் வேடிக்கையாகவோ வீரத்தின் அடையாளமாகவோ வருகின்றன. ஆனால் அந்த வலிக்குக் காரணம் அன்றைய வெடிமருந்தின் போதாமை. துப்பாக்கியை எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்பதற்கு எல்லை வகுத்தது எஃகு அல்ல, மனிதத் தோள்.

போர் என்னும் அளவு

நம் ஊரில் 12 போர் துப்பாக்கி என்ற சொல் பரவலாகத் தெரிந்ததே. ஒரு பவுண்டு (454 கிராம்) ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். எனவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 8 போர் துப்பாக்கிக்கு உருண்டை 57 கிராம்; 4 போருக்கு 113 கிராம். 4 போர் குழலின் விட்டம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். கடைத் தராசில் 100 கிராம் படிக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த ஈய உருண்டையின் கனம் ஓரளவு புரியும்.

இவ்வளவு பெரிய உருண்டை எதற்கு? அக்காலத்தில் இருந்தது கந்தகம், கரி, வெடியுப்பு கலந்த கரும்பொடி மட்டுமே. அதை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் குண்டின் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் கூட்டுவது ஒன்றே வழி. யானையின் மண்டையோடு தேனடை போன்ற காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்பு. மூளை அதற்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. மென்மையான சிறு ஈயக்குண்டு அந்த எலும்பிலேயே நசுங்கி நின்றுவிடும்.

உதையின் கணக்கு

பள்ளி இயற்பியலில் உந்தம் மாறாவிதிக்குத் துப்பாக்கியையே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். குண்டு முன்னே செல்லும் உந்தமும் துப்பாக்கி பின்னே வரும் உந்தமும் சமம். துப்பாக்கி எவ்வளவு இலேசோ, அவ்வளவு வேகமாகப் பின்னே வரும். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவும் இந்த உதையைக் கூட்டும். கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டுவிடலாம்.

முதல் உலகப்போர்க் கால .303 படைத்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதன் தோட்டா 11.3 கிராம், வேகம் நொடிக்கு 745 மீட்டர். துப்பாக்கி நொடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் தோளில் வந்து மோதும். அதன் இயக்க ஆற்றல் 9 ஜூல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருபவை விளங்கும்.

பேக்கர்: இலங்கையிலிருந்து நைல் வரை

சாமுவேல் ஒயிட் பேக்கர் (1821–1893) பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்றவராக அறியப்பட்டவர். அதற்கு முன் அவர் இலங்கையில் இருந்தார். 1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் ஒன்றை அமைத்து 1855 வரை அங்கே வாழ்ந்தார். அன்றைய இலங்கையில் யானை பயிரை அழிக்கும் விலங்காகக் கருதப்பட்டது. கொன்றவருக்கு அரசு பரிசு கொடுத்தது. 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனண்ட் பதிவு செய்துள்ளார். பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி மேஜர் ராஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

பேக்கர் இலங்கைக்குக் கொண்டுவந்த பெரிய துப்பாக்கி, 1840இல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்த 4 போர். அதன் எடை 21 பவுண்டு, அதாவது 9.5 கிலோ. அதில் 3 அவுன்ஸ் (85 கிராம்) உருண்டையும் 16 டிராம் (28 கிராம்) கரும்பொடியும் கிட்டித்துச் சுட்டார். குண்டின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என வைத்துக்கொண்டால், துப்பாக்கி நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். ஆற்றல் 61 ஜூல். படைத்துப்பாக்கியைப்போல் ஏழு மடங்கு. பேக்கர் ஆறடிக்கு நெருங்கிய, பருத்த உடல்வாகு கொண்டவர். அவரால் இதைத் தாங்க முடிந்தது. தாங்கியதில் அவர் உடலுக்கு இருந்த பங்கைவிடத் துப்பாக்கியின் 9.5 கிலோவுக்கு இருந்த பங்கு பெரிது. அந்த எடையைக் காடு முழுவதும் சுமந்தவர்கள் கூலி ஆட்கள். சுட்ட தோள் ஒன்று, சுமந்த தோள் வேறொன்று.

1861இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. இலங்கையில் யானையின் நெற்றியில் சுட்டு வீழ்த்துவது பேக்கருக்குப் பழக்கம். ஆப்பிரிக்க யானையின் தலையமைப்பு வேறு. அந்த நெற்றிச் சூடு அங்கே பலிக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவரிடம் ஹாலண்ட் என்ற இலண்டன் தயாரிப்பாளர் செய்த துப்பாக்கி ஒன்றும் இருந்தது. அரை பவுண்டு (227 கிராம்) எடையுள்ள, வெடிக்கும் குண்டை எறிவது அது. உடன் வந்த அரபு ஆட்கள் அதற்குப் பீரங்கியின் குழந்தை என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பேக்கர் செல்லமாகக் குழந்தை என்றே அழைத்தார். சுட்ட ஒவ்வொரு முறையும் புயலில் சிக்கிய காற்றுத்திசைகாட்டி போல அது தம்மைச் சுழற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். அதைக் கண்டு தாம் அஞ்சியதையும் அவர் மறைக்கவில்லை. அதை அரிதாகவே எடுத்தார். எடுத்தபோதெல்லாம் விலங்கு வீழ்ந்தது.

செலூஸ்: இலேசான துப்பாக்கியின் விலை

பிரெடரிக் கோர்ட்னி செலூஸ் (1851–1917) 1871இல் தென்னாப்பிரிக்காவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 19. கொண்டுவந்த நல்ல துப்பாக்கி களவு போயிற்று. கையில் பணம் குறைவு. பர்மிங்காம் நகரின் ஹோலிஸ் என்பவர் செய்த, வாய்வழி மருந்து கிட்டிக்கும் 4 போர் துப்பாக்கிகள் இரண்டை மலிவாக வாங்கினார். அவை வாத்துக் கூட்டங்களைச் சில்லறை ரவையால் சுடும் வகையைச் சேர்ந்தவை. யானைக்கென எடை கூட்டிச் செய்தவை அல்ல. எடை ஏறத்தாழ 13 பவுண்டு, 5.9 கிலோ. 1872இல் மடபெலே அரசர் லோபெங்குலாவிடம் யானை வேட்டைக்கு அனுமதி கேட்டுப் போனபோது, இந்தச் சிறுவனா யானை சுடப்போகிறான் என்ற தோரணையில் அரசர் நகைத்தார்.

செட்சி ஈ உள்ள பகுதிகளில் குதிரை பிழைக்காது. ஆகவே நடந்தே வேட்டை. இடுப்பருகே தொங்கும் தோல்பையில் கரும்பொடி கிடக்கும்; கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலில் போடுவார். அளவுகோல் எதுவும் கிடையாது. அதன்மேல் 4 அவுன்ஸ் உருண்டை. இப்போது அதே 400 மீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், துப்பாக்கி நொடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வருகிறது. ஆற்றல் 170 ஜூலுக்கு மேல். பேக்கரின் 4 போரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, படைத்துப்பாக்கியைப்போல் இருபது மடங்கு. பெயரளவில் இரண்டும் ஒரே போர் என்பதை மறக்கக் கூடாது.

பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலில் கிரீனர் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு: துப்பாக்கி, அது எறியும் குண்டைப்போல் 96 மடங்கு எடை இருக்க வேண்டும். பேக்கரின் 85 கிராம் உருண்டைக்கு 8.2 கிலோ போதும்; அவரிடம் இருந்தது 9.5. செலூஸின் 113 கிராம் உருண்டைக்கு 10.9 கிலோ தேவை. அவரிடம் இருந்தது அதில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

அந்தத் துப்பாக்கிகளால் 1872 முதல் 1874 வரை செலூஸ் 78 யானைகளைக் கொன்றார். அவற்றிடையே நேர்ந்த விபத்து ஒன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். துப்பாக்கி ஒருமுறை வெடிக்காமல் போனது. அதை வாங்கிய ஆள், உள்ளே மருந்து இருப்பதை அறியாமல், மறுபடியும் மருந்தும் குண்டும் கிட்டித்துத் திருப்பிக் கொடுத்தான். செலூஸ் விசையை இழுத்ததும் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு முகங்குப்புற மணலில் விழுந்தார். வலக் கையை உயர்த்த முடியவில்லை. கன்ன எலும்பின் கீழ் ஆழமாகக் கிழிந்து குருதி கொட்டியது. யானைத் துப்பாக்கிகளின் கட்டையை யானைக் காதின் உட்தோலால் ஈரமாகச் சுற்றி உலரவிடுவது வழக்கம்; உலர்ந்ததும் அது இரும்புப்பூண் போலப் பிடிக்கும். அப்படிச் சுற்றியிருந்தும் கட்டை சிதறிப்போயிற்று.

தோளுக்குள் நடப்பது

துப்பாக்கியின் கட்டை, காறை எலும்புக்குக் கீழே தோள்தசைக்கும் மார்புத்தசைக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் இறுக்கமாகப் பதிய வேண்டும். இடைவெளி விட்டுப் பிடித்தால் உதை குத்தாக மாறும். தோலுக்கடியில் நுண்ணிய குருதிக்குழாய்கள் உடைந்து கருநீலமாகக் கன்றும். ஓரிரு வாரங்களில் அது மறையும். கட்டை விலகிக் காறை எலும்பின் மேலோ மேற்கையின் மேலோ பட்டால் எலும்பே விரிசல் காணலாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சுடும் தட்டுச் சுடுதல் விளையாட்டுக்காரர்களுக்குத் தோள்பட்டை எலும்பின் முன்முனையில் களைப்பு முறிவு ஏற்படுவது மருத்துவத்தில் பதிவாகியுள்ளது. கைக்குச் செல்லும் நரம்புக்கற்றை நசுங்கி விரல்கள் மரத்துப்போவதும் உண்டு.

உதை சிறிதானாலும் எண்ணிக்கை கூடினால் முடிவு ஒன்றே. 1879 ஜனவரி 22, 23 நாள்களில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னும் இடத்தில் ஏறத்தாழ 150 பிரிட்டிஷ் வீரர்கள் சூலு படையை இரவு முழுவதும் எதிர்த்து நின்றனர். சுமார் 20,000 தோட்டாக்களில் விடியும்போது மிஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களுடைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியின் ஓர் உதை 20 ஜூல் அளவுதான். ஆனால் பலருக்குத் தோள் கறுத்து வீங்கியது. சிலர் இடத்தோளுக்கு மாற்றிச் சுட்டார்கள்.

கன்றல் ஆறிவிடும். ஆறாதது இன்னொன்று. அடி வரப்போகிறது என்று கற்றுக்கொண்ட உடல், விசையை இழுக்கும் கணத்துக்குச் சற்று முன்பே சுருங்கிக்கொள்கிறது. கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் தாழும், குறி தவறும். சுடுபவருக்குத் தாம் அப்படிச் செய்வதே தெரியாது. இன்றைய பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க, சுடுபவருக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார்கள். துப்பாக்கி வெடிக்காது, ஆனால் குழல்முனை துள்ளித் தாழும். செலூஸுக்கு நேர்ந்தது இதுவே. அந்த 4 போர் துப்பாக்கிகள் தம் நரம்புகளைப் பாதித்துப் பிற்காலக் குறியையும் கெடுத்துவிட்டன என்றும், அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் எழுதினார். புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் தம் பெயரை உயர்த்திய கருவியைப் பற்றி இப்படி எழுதியது எளிதாக இருந்திருக்காது.

புகையில்லா மருந்து

கட்டையின் பின்னே ரப்பர் பட்டை பொருத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. இலண்டனின் சில்வர் நிறுவனம் செய்த பட்டை பெயர் பெற்றது. அது அடியைச் சற்று நீட்டிப் பரப்பியதே தவிர, உந்தத்தைக் குறைக்கவில்லை.

மாற்றம் வேதியியலிலிருந்து வந்தது. 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். 1889இல் பிரிட்டனில் கார்டைட் வந்தது. 1898இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. 31 கிராம் தோட்டா நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் சென்றது. உலோக உறை இருந்ததால் எலும்பில் நசுங்காமல் ஊடுருவியது. 5 கிலோ துப்பாக்கியில் இதன் உதை, முன்பு செய்த அதே கணக்கில், 41 ஜூல். செலூஸ் தாங்கியதில் கால்பங்கு. சில ஆண்டுகளிலேயே 4 போரும் 8 போரும் வழக்கொழிந்தன.

ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் இன்னும் கீழே இறங்கினார். மண்டையோட்டின் அமைப்பை நன்கு படித்து, மனித வேட்டைக்கென்றே செய்த 7 மில்லிமீட்டர் படைத்தோட்டாவால் மூளையைக் குறிவைத்தார். அவர் வாழ்நாளில் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை இந்தச் சிறுகுழல் துப்பாக்கிக்கு இரையானவை. தோளுக்குக் கிடைத்த விடுதலை யானைக்குக் கிடைக்கவில்லை. தந்தத்துக்குப் போனவரை அதுவரை ஓரளவு தடுத்து நிறுத்தியது அவருடைய தோள்வலி. அந்தத் தடை போயிற்று. இனிச் சட்டம்தான் தடுக்க வேண்டியிருந்தது. செலூஸ் முதல் யானைகளைச் சுட்டுக்கொண்டிருந்த 1873லேயே சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்தது. ஆப்பிரிக்க விலங்குகளுக்கான உடன்படிக்கை இலண்டனில் கையெழுத்தானது 1900இல்.

பெருங்குழல் மோகம் அத்தோடு முடியவில்லை. 1988இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துப்பாக்கியைச் செய்தது. தோட்டா 65 கிராம், வேகம் நொடிக்கு 600 மீட்டருக்கு மேல். கிரீனர் விதிப்படி அதற்கு 6.2 கிலோ துப்பாக்கி போதும். செய்தவர்கள் 8 கிலோவுக்கு மேல் வைத்தார்கள்.