பங்கிட இயலாத மணிமுடி: வேங்கடபதிராயருக்குப் பிந்திய வாரிசுப் போரும் பழவேற்காட்டுக் கரையும்

மாசிடோனிய அலெக்சாந்தர் கி.மு. 323-இல் பாபிலோனில் மறைந்தபின் அவன் தளபதிகள் சாம்ராஜ்யத்தைக் கூறிட்டுக்கொண்ட வரலாற்றையும், விஜயநகர வேங்கடபதிராயர் 1614-இல் மறைந்தபின் நாயக்கர்கள் தமிழகத்தில் நடத்திய போரையும் அருகருகே வைத்து நோக்குவோர், இரண்டும் ஒரே தன்மையன என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. அங்கே அரசபதவி பலரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடியதாக இருந்தது. இங்கே அது பங்கிட இயலாததாகவே கருதப்பட்டது என்பதும், அவ்வேற்றுமையே இரு நாடுகளின் பிற்கால கதியைப் பிரித்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வேங்கடபதிராயர் தம் மரணப் படுக்கையில், அரசி ஒருத்தி தன் பிள்ளையென வளர்த்த சிறுவனை ஒதுக்கித் தமையன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கினார். அரசியின் உறவினனான கொப்பூரி ஜக்கராயன் அதைப் பொறாமல் ஸ்ரீரங்கனைச் சிறையிலிட்டு, பின்னர்க் குடும்பத்தோடு மாய்த்தான். அதற்கு முன்பே, ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற வெலுகோட்டி யாசம நாயக்கரின் ஏற்பாட்டால் சலவைத் தொழிலாளி ஒருவன் அழுக்குத்துணி மூட்டையில் மறைத்து வெளியே கொண்டுவந்த ஸ்ரீரங்கனின் மகன் இராமதேவன் மட்டும் தப்பினான் என்பதை, பாதிரியார் பர்ராதாஸ் 1616-இல் எழுதிய கடிதத்தால் அறிகிறோம். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம் நின்றன. தஞ்சை இரகுநாத நாயக்கரோ யாசமருடன் சேர்ந்து, காவிரிக்கரைத் தோப்பூரில் பகைவரை முறியடித்தார். ஜக்கராயன் களத்தில் மடிந்தான்.

இராமதேவனுக்குக் கும்பகோணத்தில் பட்டாபிஷேகம் செய்வித்த இரகுநாதர், பிறர் தலையில் முடி சூட்டும் வலிமை பெற்றிருந்தும் அதைத் தம் தலையில் சூடிக்கொள்ளவில்லை. கி.மு. 306-இல் சைப்ரஸ் கடற்போரில் தன் மகன் வென்றதும் அலெக்சாந்தரின் தளபதி அந்திகோனஸ் அரசப்பட்டம் தரித்ததும், சில ஆண்டுகளுக்குள் பிற தளபதிகளான தாலமியும் செலூக்கஸும் அவ்வாறே செய்ததும் இதற்கு நேர்மாறானவை. அலெக்சாந்தரின் மகனை, மாசிடோனியாவைக் கைக்கொண்ட காசாந்தர் கொல்வித்தபின் அரசவமிசமே அற்றுப்போயிற்று. இங்கோ ஒரு சிறுவன் பிழைத்தான் என்று இவ்வேற்றுமைக்குக் காரணம் கூறலாம். ஆனால் விஜயநகரத்திலேயே சாளுவரும் துளுவரும் முந்தைய வமிசங்களை விலக்கி அரியணை ஏறியிருக்கிறார்கள். ஆதலின் வமிசபக்தி மட்டும் காரணமாகாது. ஈட்டிமுனையில் வென்ற நிலத்துக்கு வென்றவனே அரசன் என்பது கிரேக்கர் கொள்கை. ராயர் பதவியோ சாம்ராஜ்யம் முழுமைக்கும் ஒன்றே. அதை ஒரு நாயக்கர் தமதென்றால் ஏனையோர் அனைவரும் அவருக்குப் பகைவராவர். சிறுவன் ஒருவன் பெயரால் ஆண்டாலோ அவரவர் நாடு அவரவர்க்கே நிற்கும்.

இந்த ஏற்பாட்டின் விலையை இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கரையில் காணலாம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடும் பழவேற்காட்டில், 1610-இல் வேங்கடபதிராயரின் அனுமதி பெற்று இறங்கிய டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். ஜக்கராயனின் தம்பி எதிராசன் போரைத் தொடர்ந்து, இறுதியில் தன் மகளை இராமதேவனுக்கு மணமுடித்துக் கொடுத்துச் சமாதானம் பெற்றான். இவ்வாறு மணத்தாலும் வாளாலும் பாளையங்கள் கைமாறியபோதிலும், கோட்டையுடைய வணிகர் நிலைத்து நின்றனர். ஆங்கிலேயரும் 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் சென்னைக்கான சாசனம் பெற்ற பின்னரும், 1645-இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடம் அதற்கு உறுதி வேண்டினர். படைவலி குன்றிய ராயரின் பெயருக்கு அப்போதும் மதிப்பிருந்தது.

மதிப்பிருந்ததேயன்றிக் காவல் இல்லை. ராயர் தம் ஆதிபத்தியத்தை மெய்யாக்க முனைந்தபோது மதுரைத் திருமலை நாயக்கர் கோல்கொண்டாவின் சேனையை அவர்மேல் ஏவினார். சில ஆண்டுகளில் வேலூரும் பழவேற்காட்டுக் கரையும் ராயர் கையை விட்டகன்றன. தனித்தனியே முடிசூடிய கிரேக்க அரசர்கள் தத்தம் முடியைக் காக்கத் தாமே போரிட வேண்டியவராயினர். தாலமி வமிசம் கி.மு. 30 வரை எகிப்தில் நீடித்தது. நம் நாயக்கர்களோ பொதுமுடியைப் போற்றினர். அதனைக் காக்கும் கடனை மட்டும் பிறருக்கென விட்டுவிட்டனர்.