இரட்டை மின்கல அமைப்பு

இரட்டை மின்கல அமைப்பு என்பது, ஒரு வண்டியின் இயந்திரத்தை முடுக்குவதற்கான மின்கலத்தோடு, குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், வானொலித் தொடர்புக் கருவி முதலியவற்றுக்கு மின்சாரம் வழங்க இரண்டாவது மின்கலம் ஒன்றையும் பொருத்தி, வண்டி ஓடும்போது இரண்டுக்கும் மின்னேற்றம் கிடைக்கவும், நிற்கும்போது இரண்டும் பிரிந்து நிற்கவும் செய்யும் மின்னமைப்பு ஆகும். தொலைதூரப் பயணத்துக்கான நாற்சக்கர இயக்க வண்டிகளில், குறிப்பாக ஆஸ்திரேலியாவில், இது பரவலாகக் காணப்படுகிறது. முதலாவது தொடக்க மின்கலம் என்றும் மற்றது துணை மின்கலம் என்றும் அழைக்கப்படும்.

வண்டிகளில் பேட்டரி எனப்படுவது உண்மையில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்கள் தொடராக இணைந்த அடுக்கு ஆகும். இக்கட்டுரையில் வழக்கை ஒட்டி அந்த அடுக்கு முழுவதும் மின்கலம் என்றே குறிக்கப்படுகிறது.

தேவை

மேற்கு ஆஸ்திரேலியாவில் விலூனாவுக்கும் ஹால்ஸ் கிரீக்குக்கும் இடையே செல்லும் கேனிங் கால்நடைத் தடம் ஏறத்தாழ 1850 கி.மீ. நீளமானது. இத்தகைய தடங்களில் பல நாட்களுக்கு ஊர் எதுவும் எதிர்ப்படாது. உணவையும், சிலருக்கு இன்சுலின் போன்ற மருந்தையும் கெடாமல் வைத்திருக்கக் குளிர்சாதனப் பெட்டி இரவு முழுவதும் இயங்க வேண்டும். அதைத் தொடக்க மின்கலத்திலேயே இணைத்தால், காலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றப் போதிய மின்சாரம் இல்லாமல் போகக்கூடும். தானியங்கிப் பல்லிணைப்புப் பெட்டி உள்ள வண்டியைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. கையால் பல்லிணை மாற்றும் வண்டியானாலும், மின்கலம் முற்றிலும் வற்றிவிட்டால் எரிபொருள் செலுத்தலைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் இயங்கா.

ஆகவே இந்த அமைப்பின் முதல் நோக்கம் கூடுதல் மின்சாரம் அன்று; தொடக்க மின்கலத்தை எதுவும் தொடாமல் காப்பதே ஆகும். துணை மின்கலம் முழுதாக வற்றினாலும் பெட்டிதான் நிற்கும், வண்டி நிற்காது.

இரண்டு மின்கலங்கள் இருப்பதாலேயே ஒரு வண்டி இவ்வமைப்பு உடையது ஆகிவிடாது. டொயோட்டா லேண்ட் குரூசர் 200 வரிசையின் டீசல் வண்டிகள் போன்ற சிலவற்றில் தொழிற்சாலையிலேயே இரண்டு மின்கலங்கள் வைக்கப்பட்டன. அவை பக்க இணைப்பில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டவை. இரண்டும் பெரிய டீசல் இயந்திரத்தைக் கிளப்புவதற்கே. ஒன்றிலிருந்து எடுக்கும் மின்சாரம் மற்றதிலிருந்தும் எடுத்ததாகவே ஆகும்.

மின்கல வகைகள்

ஸ்டார்ட்டர் மோட்டார் சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கேற்பத் தொடக்க மின்கலத்தில் மெல்லிய ஈயத் தகடுகள் பல அடுக்கப்பட்டு, அமிலத்தோடு தொடும் பரப்பு பெருக்கப்பட்டிருக்கும். இத்தகடுகள் ஆழமான மின்னிறக்கத்தைத் தாங்கா. ஆழ்சுழற்சி மின்கலத்தின் தகடுகள் தடித்தவை. சிறிய மின்னோட்டத்தைப் பல மணி நேரம் தரவல்லவை. அதனால்தான் துணை மின்கலத்துக்கு இவ்வகை பரிந்துரைக்கப்படுகிறது. அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் மின்கலம், சிந்தாத காரணத்தால் குலுக்கல் மிகுந்த தடங்களில் விரும்பப்படுகிறது.

முழு மின்னேற்றம் பெற்ற ஈய-அமில மின்கலம் ஓய்வு நிலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். பாதி வற்றிய நிலையில் இது ஏறத்தாழ 12.2 வோல்ட். ஆழ்சுழற்சி வகையானாலும் பாதிக்கும் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். குறை மின்னேற்றத்திலேயே நாட்கணக்கில் விடப்பட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டியாகப் படிந்து, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் இழந்த கொள்ளளவு முழுதாகத் திரும்பாது.

பிரிப்பான்

இரு மின்கலங்களையும் சேர்த்துப் பிரிக்கும் கருவி பிரிப்பான் ஆகும். மிக எளியது கையால் திருப்பும் தடித்த மின்னிணைப்பி. இது மலிவானது, பழுதாவதும் அரிது. ஆனால் இரவில் திருப்ப மறந்தால் அமைப்பே இல்லாததற்குச் சமம். இருமுனையப் பிரிப்பான்களில் மறக்க ஏதும் இல்லை என்றாலும், சிலிக்கான் இருமுனையம் ஒவ்வொன்றிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை இழக்கப்படுவதால் துணை மின்கலம் ஒருபோதும் நிறையாது.

பின்னர் பரவியது மின்னழுத்தத்தை உணரும் ரிலே. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி தொடக்க மின்கலத்தின் மின்னழுத்தத்தை உயர்த்தும். அது ஏறத்தாழ 13.2 வோல்ட்டை எட்டியதும் ரிலே மூடி, துணை மின்கலம் மின்னேற்றத்தில் சேரும். இயந்திரம் நின்று மின்னழுத்தம் ஏறத்தாழ 12.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் ரிலே திறக்கும். ஆக, தொடக்க மின்கலத்துக்கே முன்னுரிமை. அது தேறிய பிறகே துணை மின்கலத்துக்குப் பங்கு. இயந்திரத்தை நிறுத்திய உடனே ரிலே திறக்கவில்லையே எனப் புதியவர்கள் ஐயுறுவதுண்டு. தகடுகளின் மேற்பரப்பில் எஞ்சிய மின்னேற்றம் தணியச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதே காரணம். சில ரிலேக்களில், தொடக்க மின்கலம் வற்றும்போது துணை மின்கலத்தைத் தற்காலிகமாகச் சேர்த்து இயந்திரத்தைக் கிளப்ப ஒரு பொத்தானும் இருக்கும்.

மாறும் மின்னழுத்த மின்னாக்கிகள்

பழைய மின்னாக்கிகள் எந்நேரமும் 14 வோல்ட்டை ஒட்டி மின்சாரம் தந்தன. எரிபொருளையும் புகை வெளியேற்றத்தையும் குறைக்கும் முயற்சியில், பிற்கால வண்டிகளில் இந்த மின்னழுத்தம் இயந்திரக் கணினியால் மாற்றப்படுகிறது. தொடக்க மின்கலம் நிறைந்துவிட்டால் மின்னாக்கி ஏறக்குறைய ஓய்வெடுக்கும், மின்னழுத்தம் 12.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். வண்டி வேகம் குறையும்போது வீணாகும் ஆற்றலைப் பிடிக்க 15 வோல்ட் வரை ஏறலாம். ஆஸ்திரேலியாவில் யூரோ 5 தரம் 2016 நவம்பர் முதல் புதிய இலகு வண்டிகள் அனைத்துக்கும் கட்டாயமானதை ஒட்டி இவ்வகை மின்னாக்கிகள் பெருகின.

இத்தகைய வண்டியில் மின்னழுத்தம் உணரும் ரிலே பயன்படாது. வண்டி நாள் முழுதும் ஓடினாலும் ரிலே திறந்தே கிடக்கக்கூடும். துணை மின்கலம் ஏன் நிறையவில்லை என்பது உரிமையாளருக்கு விளங்காது. இதற்குத் தீர்வு டிசி-டிசி மின்னேற்றி. இது 12 வோல்ட்டை ஒட்டிய எந்த மின்னழுத்தத்தையும் உள்வாங்கி, துணை மின்கலத்தின் வகைக்கு ஏற்ற மின்னழுத்தமாக உயர்த்தியோ தாழ்த்தியோ படிப்படியாக மின்னேற்றும். மாறும் மின்னழுத்த வண்டிகளில் இதன் உணர்கம்பி ஒன்றைச் சாவி திருப்பும்போது மட்டும் உயிர்பெறும் மின்சுற்றில் இணைக்க வேண்டும். மின்னழுத்தத்தைப் பார்த்து இயந்திரம் ஓடுகிறதா எனக் கருவியால் தீர்மானிக்க இயலாது. 25 ஆம்பியர் வெளியிடும் மின்னேற்றி, குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கையில் 30 ஆம்பியருக்கு மேலும் உள்வாங்கும். கம்பியையும் உருகியையும் தேர்ந்தெடுக்கும்போது இந்த உள்வாங்கும் அளவையே பார்க்க வேண்டும்.

கம்பியின் தடிமன்

இவ்வமைப்புகள் சரியாக வேலை செய்யாததற்கு விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் மெல்லிய கம்பியே பெரும்பாலும் காரணமாகிறது. மின்னழுத்த இழப்பு ஓம் விதிப்படி மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கக் கிடைப்பது. செம்பில் 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் 1 மீட்டர் நீளமும் கொண்ட கம்பியின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம்.

இயந்திர அறையிலிருந்து வண்டியின் பின்பகுதிக்கு 5 மீட்டர் எனக் கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் 10 மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது, 4.6 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு ஏறத்தாழ 0.95 வோல்ட், 13.5 சதுர மி.மீ. கம்பியில் 0.32 வோல்ட், 25.7 சதுர மி.மீ. கம்பியில் 0.17 வோல்ட். மின்னாக்கி 14.2 வோல்ட் தந்தாலும், முதல் கம்பியின் மறுமுனையில் 13.25 வோல்ட்டே கிடைக்கும். ஏஜிஎம் மின்கலம் நிறைய ஏறத்தாழ 14.4 வோல்ட் தேவை. மின்கலம் நிறைய நிறைய மின்னோட்டமும் இழப்பும் குறையும் என்பது உண்மையே. எனினும் அதற்குள் பயணம் முடிந்துவிடும்.

4.6 என்ற எண் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆஸ்திரேலியக் கடைகளில் 6 மி.மீ. என்ற பெயரில் விற்கப்படும் வண்டிக் கம்பியில் அந்த 6 என்பது செம்பின் குறுக்குப் பரப்பு அன்று. காப்புறையையும் சேர்த்த விட்டம். உள்ளிருக்கும் செம்பு ஏறத்தாழ 4.6 சதுர மி.மீ. மட்டுமே. வீட்டு மின்னமைப்பில் 6 என்றால் 6 சதுர மி.மீ. என்று பழகியவர்கள் இங்கு எளிதில் ஏமாறுவர். மேற்கண்ட கணக்கின் 13.5, 25.7 ஆகிய அளவுகள் அங்குள்ள கடைகளில் முறையே 6 பி அண்ட் எஸ், 3 பி அண்ட் எஸ் எனக் கிடைக்கின்றன. இம்முறையில் எண் சிறுக்கச் சிறுக்கக் கம்பி பருக்கும்.

உருகிகள்

சாதாரண மின்சுற்றில் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்தே வரும். ஓர் உருகி போதும். இங்கோ கம்பியின் இரு முனைகளிலும் மின்கலம் உள்ளது. இயந்திர அறைச் சுவரின் துளையில் காப்புறை தேய்ந்து செம்பு உலோகத்தைத் தொட்டால், இரண்டு மின்கலங்களும் அந்த இடத்தில் மின்சாரத்தைக் கொட்டும். நல்ல நிலையிலுள்ள மின்கலம் குறுஞ்சுற்றில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தரவல்லது. கம்பி சில நொடிகளில் சிவந்து, காப்புறை பற்றும். ஆகவே இரு முனைகளிலும், ஒவ்வொரு மின்கலத்தின் நேர்முனையத்துக்கும் இயன்றவரை அருகில், ஓர் உருகி வேண்டும். உருகிக்கும் மின்கலத்துக்கும் இடைப்பட்ட துண்டுக்குக் காப்பு எதுவும் இல்லை என்பதால் அது குட்டையாக இருக்க வேண்டும். உருகி காப்பது கருவியை அன்று, கம்பியையே. அதன் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறக்கூடாது. உருகி அடிக்கடி போகிறது என்று பெரிதாக ஒன்றை மாற்றிப் பொருத்துவது தீயை அழைப்பதாகும்.

எதிர்முனை இணைப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புதிய வண்டிகளில் தொடக்க மின்கலத்தின் எதிர்முனையத்தில் மின்னோட்ட உணரி இருக்கும். துணை மின்கலத்தின் எதிர்க்கம்பியை அந்த முனையத்திலேயே இணைத்தால் அதன் மின்னோட்டம் உணரியைச் சுற்றிச் சென்றுவிடும். கணினியின் கணக்கு தவறும். அதை வண்டிச் சட்டகத்தில் இணைப்பதே முறை. இணைக்கும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

கொள்ளளவு

40 முதல் 50 லிட்டர் கொண்ட அமுக்கி வகைக் குளிர்சாதனப் பெட்டி, வெயில் நாளில் பாதி நேரம் இயங்கி, சராசரியாக 2 ஆம்பியர் எடுக்கிறது எனக் கொண்டால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி ஆகும். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் மின்கலத்தில் பாதியே பயன்படுத்தத்தக்கது. ஆகவே வண்டி அசையாமல் நின்றால் ஒரு நாள்தான். இழந்ததை 25 ஆம்பியரில் ஈடுசெய்ய இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும் என்று தோன்றும்; ஈய-அமில மின்கலம் தன் கடைசி ஐந்தில் ஒரு பங்கை மிக மெதுவாகவே ஏற்கும் என்பதால் அது போதாது. ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்குவோர் சூரியத் தகடு ஒன்றைச் சேர்ப்பது இதனாலேயே.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்கள்

3.2 வோல்ட் கலங்கள் நான்கு கொண்ட இவ்வகையில் கொள்ளளவில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் எடுக்கலாம். எடையும் ஈய-அமில வகையில் ஏறத்தாழ பாதியே. ஆயினும் பழைய அமைப்பில் ஏஜிஎம்-ஐ எடுத்துவிட்டு இதை வைப்பது தவறு. இதன் ஓய்வு மின்னழுத்தமே 13.2 வோல்ட்டை ஒட்டியிருப்பதால், ஒருமுறை மூடிய ரிலே இயந்திரம் நின்ற பின்னும் திறக்க மறுக்கும். லித்தியம் மின்கலம் தொடக்க மின்கலத்துக்குள் வடிந்துகொண்டே இருக்கும். வற்றிய நிலையில் இது மின்னோட்டத்தைக் கட்டுப்பாடின்றி இழுப்பதால் மின்னாக்கி சூடேறிக் கெடவும் கூடும். மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் டிசி-டிசி மின்னேற்றி இங்கு விருப்பத் தேர்வு அன்று, கட்டாயம்.

0 பாகை செல்சியசுக்குக் கீழே இவ்வகையை மின்னேற்றினால் கலங்களில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு விளையும். இயந்திர அறையின் வெப்பமும் ஆகாது. ஆகவே இவை பெரும்பாலும் வண்டியின் பின்பகுதியில் வைக்கப்படுகின்றன. ஈய-அமில வகையைப் பயணிகள் இருக்கும் பகுதியில் வைத்தால் காற்றோட்டம் தேவை. மின்னேற்றத்தின்போது வெளிப்படும் ஐதரசன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றும். எவ்வகையானாலும் மின்கலம் 20, 30 கிலோ எடையுள்ளதாக இருக்கலாம் என்பதால், வண்டி கவிழ்ந்தாலும் பிய்ந்து வராதபடி உலோகத் தாங்கியில் பிணைக்கப்பட வேண்டும்.

சோதனை

அமைப்பு முடிந்ததும் துணை மின்கலம் ஓரளவு வற்றியிருக்கையில் இயந்திரத்தை ஓடவிட்டு, இரு மின்கலங்களின் முனையங்களிலும் மின்னழுத்தம் அளக்கப்படும். ரிலே உள்ள அமைப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை வோல்ட்டை மீறினால் இடையில் எங்கோ தடை உள்ளது. மின்மானியின் ஒரு முனையை மின்கலத்திலும் மறு முனையை வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துக்கொண்டே போனால் இழப்பு திடீரென ஏறும் இடம் தெரியும். பெரும்பாலும் அது சரியாக நசுக்கப்படாத கம்பி முனையாகவோ, வண்ணப்பூச்சு நீங்காத சட்டக இணைப்பாகவோ இருக்கும். பள்ளமும் மேடுமான தடங்களில் திருகுகள் தளர்வதால் நெடும்பயணத்துக்குப் பின் இச்சோதனை மீண்டும் செய்யப்படுவதுண்டு.