பாடிகாவல் முதல் பிறழ்சாட்சி வரை: காஞ்சி வட்டாரத்தில் காவலுக்குத் துணைநின்ற குடிகள்

குற்றத்தைத் தடுக்க உதவி கோரும் காவலருக்குத் துணைநிற்றல், அறிந்த கொடுங்குற்றத்தைத் தெரிவித்தல், நீதிமன்றத்தில் உண்மை உரைத்தல் ஆகியவை குடிமக்களின் கடமைகள் என இன்றைய சட்டம் விதிக்கின்றது. இக்கடமை ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்தொகுப்புகளின் வழியே தமிழகத்திற்கு வந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. காஞ்சிபுரத்தையும் அதனைச் சூழ்ந்த பழைய செங்கல்பட்டுச் சீமையையும் சார்ந்த சான்றுகள் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. காவலுக்குத் துணைநிற்றல் இங்கு நெடுங்காலம் ஊரின் உரிமையோடும் பங்கோடும் பிணைந்த பொறுப்பாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் உரிமை விலகிக் கடமை மட்டும் எஞ்சியது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

கடமை என்னும் சொல்

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது பெரிதும் நிலவரியைக் குறிக்கும். செலுத்தப்பட வேண்டியது என்னும் பொருளிலிருந்தே செய்யப்பட வேண்டியது என்னும் இன்றைய அறப்பொருள் மேலோங்கியது. ‘பாடிகாவல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது ஊரைக் காக்கும் பணியையும், அப்பணிக்காகக் குடிகள் செலுத்திய வரியையும் ஒருசேரக் குறித்தது. பிற்காலச் சோழர் காலத்தில் இவ்வுரிமை குறுநிலத் தலைவர்களின் காணியாக மாறியது. நடுநாட்டுக் காடவராயர் அதற்குத் தக்க சான்று. காவல் விலைபெற்ற ஒன்றாக இருந்தமையால், கொடுத்தவர்க்குக் கேட்கும் உரிமையும் இருந்தது.

காஞ்சி நகரிலேயே இதற்கு இணையான ஏற்பாடு ஒன்றுண்டு. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழனின் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயிலைப் பற்றியது. நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடமும் நகரத்தாரிடமும் அக்கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பை அது ஒப்படைக்கின்றது. நெசவாளர்க்குச் சில வரிகளிலிருந்து விலக்கும் அளிக்கப்படுகின்றது. தறியில் அமர்ந்தவர் பொதுக்காரியத்திற்கு எழுந்து வருவதால் இழப்பது என்ன என்பதை அரசு கணக்கிட்டிருக்கின்றது.

உத்தரமேரூர் சொல்வதும் சொல்லாததும்

முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே புகழ்பெற்றவை. மேடைதோறும் அவை பேசப்படுகின்றன. தகுதியின்மைப் பட்டியல் மட்டும் அந்த அளவு கவனம் பெறுவதில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் குடவோலைக்கு உரியரல்லர். தீயோர் கெடவும் நல்லோர் வாழவும் இவ்வேற்பாடு செய்யப்பட்டதாகக் கல்வெட்டே நோக்கம் கூறுகின்றது. சட்டத்தைக் காத்தல் இங்கு உறவினர்வரை நீளும் பொறுப்பாகின்றது. தன் இனத்தான் கணக்கை மறைத்தால் தனக்கும் இடமில்லை என்பது ஒவ்வொருவரையும் கண்காணிப்பவராக்கும்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. ஆண்டு, தோட்டம், ஏரி, பொன், பஞ்சவாரம் ஆகியவற்றுக்கான வாரியங்களையே இக்கல்வெட்டுகள் சுட்டுகின்றன. காவலுக்கெனத் தனி வாரியம் சுட்டப்படவில்லை. குடவோலைக்கு உரியவர் வரிகொடுக்கும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே. பிரமதேயச் சபையின் இவ்விதிகளில் உழுகுடிக்கும் கம்மாளர்க்கும் குரல் இல்லை. ஊர் என்னும் சொல்லால் அனைவரையும் குறிப்பது இக்கால வழக்கமே தவிர அக்கால நிலையன்று.

களத்து மேட்டில் காவற்பங்கு

1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரில் காஞ்சிபுரமும் அடங்கும். தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை இங்கு நடத்திய அளவை, ஊர்தோறும் விளைச்சல் எவ்வாறு பகிரப்பட்டது என்பதைப் பதிவுசெய்தது. அரசுக்குரிய வாரம் பிரிக்கப்படுமுன் களத்திலேயே கோயிலுக்கும், கணக்கனுக்கும், தச்சன், வண்ணான் முதலியோர்க்கும் பங்கு அளக்கப்பட்டது. காவல் செய்த பாளையக்காரருக்கும் தலையாரிக்கும் அவ்வாறே பங்குண்டு. களவுபோன பொருளை மீட்டல் அல்லது ஈடுசெய்தல் காவல் உரிமையாளரின் பொறுப்பு என்பது தமிழகக் காவல் முறையின் பொது விதி. அந்த விதி எப்போதும் நேர்மையாக நடந்தது என்று கொள்வதற்கில்லை. காவற்கூலி தராத ஊரில் களவு பெருகியதாகக் கும்பினி அதிகாரிகள் குறைகூறியுள்ளனர். அவர்களுக்கும் அவ்வுரிமையைக் கைப்பற்றும் நோக்கம் இருந்தது என்பதை மறக்கலாகாது.

1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை ஒரு திருப்பம். தாமஸ் மன்றோவின் முயற்சியால், வங்காளத்திலிருந்து வந்த தரோகா முறை நீக்கப்பட்டு, மணியக்காரரும் தலையாரியும் மீண்டும் காவலுக்குரியவராயினர். வெளித்தோற்றத்தில் இது பழைய முறையின் மீட்சி. உண்மையில் மணியக்காரர் ஊருக்கன்றி மாவட்டக் குற்றவியல் நடுவராகவும் விளங்கிய கலெக்டருக்கே விடைசொல்ல வேண்டியவரானார். வசைமொழி, சிறு கைகலப்பு போன்றவற்றிற்கு அவர் ஒருவரைச் சாவடியில் அடைத்துவைக்கலாம். குற்றஞ்செய்தவர் ‘தாழ்ந்த’ சாதியினராயின் தொழுமரத்தில் மாட்டலாம். சாதி வேறுபாட்டை அவ்வொழுங்குமுறை எழுத்திலேயே நிலைநிறுத்தியது. ஊராரின் துணை என்று ஆவணங்கள் குறிப்பிடும்போது, யார் ஏவினர், யார் நள்ளிரவில் தடியெடுத்து நடந்தனர் என்னும் வினா இன்றியமையாதது.

வரிதண்டலும் காவலும் ஒரே கையில் இருந்ததன் விளைவை 1855-இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. வரிபாக்கிக்காகவும் வாக்குமூலத்திற்காகவும் குடிகள் வதைக்கப்பட்டதை அது ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். காவல்துறை வருவாய்த்துறையிலிருந்து பிரிந்து, சீருடையும் சம்பளமும் உடைய தனிப்படையாயிற்று. வதையைக் குறைக்க வந்த சீர்திருத்தம் என்ற அளவில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் காவலர் இப்போது ஊருக்கு அயலார். அவரைக் கேள்வி கேட்க ஊருக்கு வழியில்லை.

உரிமையற்ற கடமை

அயலாராகிவிட்ட காவலர்க்கு உள்ளூரார் உதவி தேவைப்பட்டது. சட்டம் அதனைக் கட்டளையாக்கிப் பெற்றது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 42-ஆம் பிரிவில் காவலருக்கு உதவுதலையும், 44-ஆம் பிரிவில் குறிப்பிட்ட குற்றங்களைத் தெரிவித்தலையும், 103-ஆம் பிரிவில் சோதனையின்போது அப்பகுதி மதிப்பிற்குரியோர் சாட்சியாக நிற்றலையும் விதித்தது. உதவ மறுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 187-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. பாடிகாவல் வரியும் வேறு வடிவில் திரும்பியது. 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கலகம் நிகழ்ந்த ஊரில் கூடுதல் காவற்படையை நிறுத்தி அதன் செலவை ஊராரிடமே தண்ட வகைசெய்தது. 1908-இல் திருநெல்வேலியில் அவ்வாறே தண்டப்பட்டது. முன்னர்க் காப்பதற்குக் கூலி. இப்போது காவலே தண்டனை.

இப்பிரிவுகள் விடுதலைக்குப் பின்னும் பெரிதும் மாறவில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 37, 39, 100 எனவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 31, 33, 103 எனவும் எண் மாறித் தொடர்கின்றன. இதற்கிடையில் 1980 நவம்பரில் தமிழக அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. முன்சீப்பும் கணக்கப்பிள்ளையும் மறைந்தனர். சாதி ஆதிக்கத்தின் ஒரு தூண் சாய்ந்தது என்பதால் அது நன்றே. ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே நின்ற ஒருவரும் அத்துடன் இல்லாமற்போனார்.

இம்மாற்றத்தின் விளைவைக் காஞ்சிபுரம் தன் வீதியிலேயே கண்டது. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராசப் பெருமாள் கோயில் மேலாளர் அக்கோயில் வளாகத்திலேயே கொலையுண்டார். உச்ச நீதிமன்ற ஆணையால் புதுச்சேரிக்கு மாற்றப்பட்ட வழக்கில் 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் 83 பேர் பிறழ்சாட்சிகளாயினர். 2013 நவம்பர் 27 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை செய்யப்பட்டனர். தீர்ப்பின் தகுதியை ஆராய்வதோ, சாட்சிகள் மாறியதன் காரணத்தைக் கூறுவதோ இங்கு நோக்கமன்று. காவல்துறை முதலில் எழுதிய வாக்குமூலமே தவறாக இருந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், குடிகளின் சொல்லைக் காவல்துறை பதிவுசெய்யும் முறைக்கும் அச்சொல் மன்றத்தில் நிற்பதற்கும் இடையிலுள்ள பிளவை அவ்வெண் காட்டுகின்றது.

2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, மாநிலங்கள் அனைத்தும் பின்பற்ற ஆணையிட்டது. புதிய சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, அத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்கும் பொறுப்பை மாநில அரசுகளின்மேல் சுமத்துகின்றது. 1898-ஆம் ஆண்டுத் தொகுப்பில் குடிகளின் கடமைக்கு எதிரே இத்தகைய பிரிவு ஒன்றும் இல்லை.